வால்யூமுக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு!

ராத்திரி பதினொரு மணி. உங்க ரூம்ல பாட்டு சும்மா பின்னி எடுக்குது. உறுமி நெஞ்சுல இடிக்குது, பேஸ் ஜன்னல் கம்பியை அதிர வைக்குது, நடுவுல உங்க ஃப்ரெண்டோட குரல் தேன் மாதிரி வழியுது. 'இதான்டா நம்ம முதல் ஹிட்'னு சேவ் பண்ணிட்டுத் தூங்கிடுறீங்க. மறுநாள் காலையில காலேஜ் பஸ். ஹெட்செட்டோட ஒரு பக்கத்தை மாப்ள காதுல மாட்டி அதே பாட்டைப் போடுறீங்க. ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு, உங்க மனசு நோகக்கூடாதுன்னு மெதுவா இழுக்குறான்... "நல்லாத்தான்டா இருக்கு... ஆனா என்னமோ சப்புனு இருக்கே!"

உங்களுக்கும் அப்படித்தான் கேக்குது. ராத்திரி இருந்த பேஸ் எங்க போச்சு? குரல் மட்டும் ஏன் தனியா துருத்திக்கிட்டு நிக்குது? உடனே மனசு ஒரு முடிவுக்கு வந்துடும். 'ஸ்பீக்கர் சரியில்ல. சாஃப்ட்வேர் பத்தாது. சென்னையில பெரிய ஸ்டுடியோவுல மிக்ஸ் பண்ணியிருந்தா கலக்கியிருக்கலாம். திண்டுக்கல்ல உட்காந்துக்கிட்டு இதெல்லாம் நடக்காது.'

கொஞ்சம் பொறுங்க பாஸ்! ஊர் மேல பழி போடுறதுக்கு முன்னாடி, ஆடியோ இன்டர்ஃபேஸ்ல இருக்கிற அந்த வட்டமான வால்யூம் நாபைப் பாருங்க. நேத்து ராத்திரி அது எந்த இடத்துல இருந்துச்சு? அதுக்கு முந்தின நாள்? பதில் தெரியலைன்னா, முதல் சந்தேகக் கேஸ் அதுதான். மணிக்கு ஒரு தடவை முள்ளை மாத்தி வைக்கிற தராசுல எடை போட்டா என்ன ஆகும்? அதேதான் இங்கயும்.

பூட்டுக்குப் பேர் போன ஊர் நம்ம ஊர். 2019ல திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. அப்படிப்பட்ட ஊர்ல இருந்துக்கிட்டு வால்யூமைத் திறந்து போட்டு வைக்கலாமா? வாங்க, பூட்டிடுவோம்!

இது கண்ணாடி, போட்டோ ஸ்டுடியோ இல்ல!

முதல்ல ஒரு சின்ன விஷயம். ஸ்டுடியோ மானிட்டர்னு சொல்ற ஸ்பீக்கர், வீட்டுல பாட்டு கேக்குற ஸ்பீக்கர் ரகம் இல்ல. வீட்டு ஸ்பீக்கரோட வேலை, பாட்டை அழகாக் காட்டுறது. பேஸைக் கொஞ்சம் தூக்கும், மேல் ஓசைக்குக் கொஞ்சம் மினுமினுப்பு போடும். மானிட்டர் அப்படி இல்ல. முகத்துல பரு இருந்தா பருவையும் காட்டுற கண்ணாடி அது.

இதுக்கு ஃபேமஸான உதாரணம் ஒண்ணு உண்டு. யமஹா கம்பெனியோட என்.எஸ்-10. 1978ல வீட்டு ஸ்பீக்கரா மார்க்கெட்டுக்கு வந்துச்சு. வெள்ளைக் கலர் கூம்போட பார்க்க ஸ்டைலா இருந்தாலும், வீட்டுல கேக்குறவங்களுக்கு அது பிடிக்கல. ஆனா பாட்டுல எங்க ஓட்டை இருக்குன்னு ஈவு இரக்கமில்லாமக் காட்டினதால, உலகம் முழுக்க ரெக்கார்டிங் ஸ்டுடியோக்கள் அதைத் தலையில தூக்கி வச்சு ஆடின. அந்தக் கூம்பு செய்யத் தேவையான காகிதக்கூழ் கிடைக்காம 2001ல தயாரிப்பு நின்னுபோச்சு. ஆனாலும் இன்னிக்கு வரைக்கும் பழைய ஜோடிகளைத் தேடிப் பிடிச்சு வாங்குற இன்ஜினீயர்கள் இருக்காங்க.

ஆனா எவ்வளவு நல்ல கண்ணாடியா இருந்தாலும், ரூம்ல லைட் தினம் ஒரு மாதிரி எரிஞ்சா முகம் சரியாத் தெரியுமா? மானிட்டருக்கு லைட்டுங்கிறது வால்யூம்தான்.

காது போடுற கள்ளக்கணக்கு

'வால்யூம் கூடினா எல்லா ஓசையும் ஒரே அளவுலதானே கூடும்? அதுல என்ன வித்தியாசம்?'னு கேப்பீங்க. ஸ்பீக்கரைப் பொறுத்தவரைக்கும் அது சரி. கணக்குல தகிடுதத்தம் பண்றது உங்க காது!

1933ல அமெரிக்காவோட பெல் ஆய்வகத்துல ஹார்வி ஃபிளெட்சர், வைல்டன் மன்சன்னு ரெண்டு பேர் இதை அளந்து காட்டினாங்க. மனுஷக் காது எல்லா ஓசையையும் ஒரே மாதிரி கேக்குறது இல்ல. நடுத்தர ஓசைகளை, அதாவது மனுஷக் குரல் புழங்குற பகுதியை, சட்டுனு பிடிச்சுக்கும். அடித்தொனியை, அதாவது பேஸை, அவ்வளவு லேசுல பிடிக்காது. சத்தம் குறைய குறைய இந்த ஓரவஞ்சனை அதிகமாகும்.

கணக்காவே பார்க்கலாம். இந்த ஆராய்ச்சியோட இன்றைய வடிவம், ஐ.எஸ்.ஓ. 226ங்கிற சர்வதேசத் தரம். அதோட 2003ம் வருஷப் பதிப்புப்படி, 1000 ஹெர்ட்ஸ் ஓசை 40 டெசிபல்ல கேக்குற அதே அளவுக்கு 100 ஹெர்ட்ஸ் ஓசை கேக்கணும்னா, அதுக்கு 64 டெசிபல் தேவை. 24 டெசிபல் கூடுதல்! ஆனா 1000 ஹெர்ட்ஸை 80 டெசிபலுக்கு ஏத்தினா, இந்த வித்தியாசம் ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சிடும்.

இப்ப உங்க நேத்து ராத்திரிக் கதைக்கு வாங்க. ஸ்பீக்கரை அலறவிட்டு மிக்ஸ் பண்ணீங்க. அந்தச் சத்தத்துல காதுக்கு பேஸ் தாராளமாக் கிடைச்சுது. 'போதும் போதும்'னு பேஸ் ஃபேடரை இறக்கி வச்சீங்க. காலையில பஸ்ல, ஹெட்செட்டுல சின்ன சத்தத்துல கேட்டப்போ காது தன் பழைய கஞ்சத்தனத்துக்குத் திரும்பிடுச்சு. பேஸ் காணோம். பாட்டு சப்புனு போச்சு!

இதுக்கு நேரெதிர் கதையும் உண்டு. வீட்டுல அப்பா தூங்குறாரேன்னு முணுமுணுக்குற சத்தத்துல மிக்ஸ் பண்றவங்க இருக்காங்க. பேஸ் கேக்கலையேன்னு ஏத்திக்கிட்டே போவாங்க. அந்தப் பாட்டு கல்யாண மண்டபத்துல டி.ஜே. செட்டுல, இல்லேன்னா வத்தலக்குண்டு போற பிரைவேட் பஸ்ல சீட்டுக்கு அடியில இருக்கிற வூஃபர்ல ஓடினா... 'தொம் தொம்'னு ஒரே இரைச்சல். பாடினவன் என்ன பாடினான்னே தெரியாது.

ஆக, சத்தம் கூடினாலும் தப்பு, ரொம்பக் குறைஞ்சாலும் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, நிமிஷத்துக்கு நிமிஷம் மாத்துறது. மிளகாயைக் கடிச்சுட்டு பிரியாணிக்கு உப்புப் பார்க்குற மாதிரிதான் அது!

85, 83... நம்ம ரூமுக்கு 74

சரி, எவ்வளவு வச்சா கரெக்ட்?

இந்தக் கேள்விக்கு முதல்ல உருப்படியா பதில் கண்டுபிடிச்சது சினிமாக்காரங்கதான். 1970கள்ல டால்பி கம்பெனி தியேட்டர்களுக்கு ஒரு பொது அளவைக் கொண்டுவந்துச்சு. மிக்ஸிங் தியேட்டர்லயும் சரி, படம் ஓடுற தியேட்டர்லயும் சரி, ஒரே டெஸ்ட் ஓசையைப் போட்டா திரைக்குப் பின்னால இருக்கிற ஒவ்வொரு ஸ்பீக்கரும் 85 டெசிபல் காட்டணும். டால்பி புராசஸர்ல '7'ங்கிற எண்தான் அந்த அளவுக்கான அடையாளம். சென்னையில மிக்ஸ் பண்ணின படம் திண்டுக்கல் தியேட்டர்லயும் அதே மாதிரி கேக்கணும்னா, ரெண்டு இடத்துலயும் அளவு ஒண்ணா இருக்கணும். அவ்வளவுதான் ரகசியம். (சத்தம் ஜாஸ்தின்னு பல தியேட்டர்கள் 7ஐக் குறைச்சுத்தான் ஓட்டுறாங்க. அது தனிப் பஞ்சாயத்து!)

பாட்டு உலகத்துல இந்த ஒழுங்கு இல்ல. அவனவன் இஷ்டத்துக்கு நாபைத் திருப்பினான். 'என் பாட்டு உன் பாட்டைவிடச் சத்தமா இருக்கணும்'னு ஒரு வெறித்தனமான போட்டி வேற. இதைப் பார்த்து நொந்துபோன பாப் கட்ஸ்ங்கிற அமெரிக்க மாஸ்டரிங் இன்ஜினீயர், 2000ல 'கே-சிஸ்டம்'னு ஒரு முறையை வெளியிட்டார். மீட்டரையும் வால்யூம் நாபையும் ஒண்ணோட ஒண்ணு கோத்துவிடுறதுதான் அவரோட ஐடியா. டெஸ்ட் ஓசையைப் போடு, ஒரு ஸ்பீக்கருக்கு 83 டெசிபல் வர்ற இடத்துல நாபை நிறுத்து, அந்த இடத்துல கோடு போடு. அப்புறம் நாபைத் தொடாதே!

'அப்ப நாமும் 83 வச்சுடலாமா?' அங்கதான் கவனம். 85ம் 83ம் பெரிய ஹாலுக்கான எண்கள். நம்ம ரூம் பத்துக்குப் பன்னிரண்டு. நாலு பக்கமும் பூசின செங்கல் சுவர், கீழ டைல்ஸ், மேல கான்கிரீட். ஓசை போக இடமில்லாம முட்டி மோதித் திரும்பி வரும். ரெண்டு மீட்டருக்குள்ளேயே ஸ்பீக்கர் இருக்கும். அதே 83 டெசிபல் இங்க காட்டுக்கத்தலாத் தெரியும்.

இதுக்கும் கணக்கு இருக்கு. அமெரிக்க டிஜிட்டல் டி.வி. தரக்குழு, ஏ.டி.எஸ்.சி., ரூமோட கன அளவை வச்சு ஒரு பட்டியல் கொடுத்திருக்கு. உங்க ரூம் நீளம், அகலம், உயரம் மூணையும் அடிக்கணக்குல பெருக்கிக்கோங்க. பத்து, பன்னிரண்டு, பத்துன்னா 1200 கன அடி.

* 1500 கன அடிக்குக் கீழ: 74 டெசிபல்
* 1500 முதல் 5000 வரை: 76
* 5000 முதல் 10,000 வரை: 78
* 10,000 முதல் 20,000 வரை: 80
* அதுக்கும் மேல: 82

நம்ம ஊர் பெட்ரூம் ஸ்டுடியோ, ஹாஸ்டல் ரூம் ஸ்டுடியோ எல்லாம் முதல் வரிசையில அடங்கிடும். ஸோ, நம்ம நம்பர் 74. எழுதி வச்சுக்கோங்க. இது ஒரு ஸ்பீக்கருக்கான அளவுங்கிறதை மறந்துடாதீங்க.

பூட்டலாமா? ஸ்டெப் பை ஸ்டெப்!

தேவையான பொருட்கள்: ஒரு சவுண்ட் லெவல் மீட்டர், ஒரு பிங்க் நாய்ஸ் ஃபைல், ஒரு டேப், ஒரு மார்க்கர் பேனா.

மீட்டரா? பயப்படாதீங்க. உங்க காலேஜ் சிவில் டிபார்ட்மென்ட்டோட என்விரான்மென்ட் லேப்லயோ, மெக்கானிக்கல், பிசிக்ஸ் லேப்லயோ ஒண்ணு இருக்க வாய்ப்பு அதிகம். லேப் அசிஸ்டென்ட் அண்ணன்கிட்ட பணிவாக் கேட்டுப் பாருங்க. இல்லேன்னா மொபைல் ஆப். ஐபோனுக்கு அமெரிக்க அரசோட 'நியாஷ்' நிறுவனம் 2017ல இருந்து இலவச ஆப் ஒண்ணு தருது. ஆண்ட்ராய்டுல போனுக்குப் போன் மைக் மாறும்கிறதால எண் சில டெசிபல் முன்னப்பின்ன காட்டும். பரவாயில்ல. ரெண்டு ஸ்பீக்கரையும் சமமா வைக்கவும், தினமும் ஒரே அளவுல வேலை பார்க்கவும் அது போதும்.

பிங்க் நாய்ஸ்ங்கிறது அருவி கொட்டுற மாதிரி 'ஷ்ஷ்ஷ்'னு கேக்குற டெஸ்ட் ஓசை. எல்லா ஸ்வரத்தொகுதிக்கும் சமமான சக்தி அதுல இருக்கும். நெட்ல இலவசமாக் கிடைக்கும். சராசரி அளவு மைனஸ் 20னு போட்ட ஃபைலை எடுங்க. 500ல இருந்து 2000 ஹெர்ட்ஸ் வரைக்கும் மட்டும் இருக்கிற ஃபைல் கிடைச்சா இன்னும் சூப்பர். சின்ன ரூமோட பேஸ் குழப்பமும் போன் மைக்கோட குறையும் அந்தப் பகுதியில ரீடிங்கைக் கெடுக்காது.

1. ரெண்டு ஸ்பீக்கரும் உங்க தலையும் சமபக்க முக்கோணம். ஸ்பீக்கர்ல மேல இருக்கிற சின்ன ட்வீட்டர் உங்க காது உயரத்துக்கு வரணும். சுவர்ல ஒட்டி வைக்காதீங்க, பேஸ் பொய்யா வீங்கும். மூலையில தலையணை, பஞ்சு மெத்தை, திண்டு எது கிடைச்சாலும் சாத்தி வைங்க. ஊர்ப் பேர்லயே திண்டு இருக்கு, நமக்கு அதுக்கா பஞ்சம்?

2. ஸ்பீக்கர் பின்னால இருக்கிற நாப் ரெண்டும் ஒரே இடத்துல இருக்கணும். கம்ப்யூட்டர் வால்யூம் ஃபுல். 'பேஸ் பூஸ்ட்', 'என்ஹான்ஸர்' மாதிரி அலங்காரமெல்லாம் ஆஃப். ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல மாஸ்டர் ஃபேடர் ஜீரோ.

3. இன்டர்ஃபேஸ் நாபை முழுசாக் குறைச்சுட்டு, அப்புறம்தான் பிங்க் நாய்ஸைப் போடணும். இந்த வரிசையை மாத்தினா ஸ்பீக்கருக்கும் ஆபத்து, காதுக்கும் ஆபத்து.

4. ஃபேனை ஆஃப் பண்ணுங்க. சித்திரை வெயிலா இருந்தாலும் அஞ்சு நிமிஷம் தாங்கிக்கோங்க! பின்னணிச் சத்தத்தைவிட டெஸ்ட் ஓசை 10 டெசிபலாவது மேல இருந்தாத்தான் ரீடிங்கை நம்பலாம். மெயின் ரோட்டுப் பக்கம் வீடுன்னா, லாரிகள் ஓய்ஞ்ச நேரமாப் பாருங்க.

5. மீட்டர்ல 'சி' வெயிட்டிங், 'ஸ்லோ'. உங்க தலை இருக்கிற இடத்துல மீட்டரைப் பிடிங்க. இடது ஸ்பீக்கர் மட்டும் ஓடட்டும். நாபை மெதுவா ஏத்தி 74 வந்ததும் நிறுத்துங்க.

6. இப்ப இடதை மூடி வலதைத் திறங்க. அதுவும் 74 காட்டணும். காட்டலைன்னா இன்டர்ஃபேஸ் நாபைத் தொடாதீங்க. அந்த ஸ்பீக்கர் பின்னால இருக்கிற நாபை மட்டும் நகர்த்திச் சரி பண்ணுங்க. ரெண்டும் சமமா இல்லேன்னா, நடுவுல நிக்க வேண்டிய பாடகர் ஒரு பக்கமா ஒதுங்கி நிப்பார்!

7. ரெண்டையும் சேர்த்துப் போட்டா 77ல இருந்து 80க்குள்ள வரும். சரியா இருக்குன்னு அர்த்தம்.

8. நாப் மேலயும் பக்கத்துலயும் டேப் ஒட்டி மார்க்கர்ல கோடு போடுங்க. பூட்டியாச்சு!

இன்னும் ஒரு கோடு போட்டுக்கலாம். 74ல இருந்து 10 டெசிபல் இறக்கி, 64ல. காதுக்கு இது ஏறக்குறைய பாதிச் சத்தமாத் தெரியும். இது எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்.

பூட்டின பிறகு நடக்குற மேஜிக்

முதல் ரெண்டு நாள் கடுப்பாத்தான் இருக்கும். கை தானா நாபைத் தேடும். தொடாதீங்க. பாட்டு சின்னதாக் கேக்குதா? ஃபேடரை ஏத்துங்க. இரைச்சலா இருக்கா? ஃபேடரை இறக்குங்க. இனிமே நாப் நகராது, பாட்டுதான் நகரணும்.

ஒரு வாரத்துல ஒரு விஷயம் புரியும். குரல் 'சரியான' இடத்துல இருக்கும்போது எப்படிக் கேக்கும்னு காதுக்கு மனப்பாடம் ஆகிடும். மீட்டரைப் பார்க்காமலே கிக் டிரம் ஜாஸ்தியா கம்மியான்னு சொல்லிடுவீங்க. மாஸ்டர் மீட்டர் சிவப்பைத் தொடுறதும் தன்னால குறைஞ்சிடும். ஏன்னா சிவப்புக்குப் போற அளவுக்கு ஏத்தினா உங்க காதே 'போதும்டா சாமி'ன்னு கதறும்.

அடுத்தது, அடுத்தவங்க பாட்டோட ஒப்பிடுறது. ஒரு ஹிட் பாட்டை உங்க பாட்டு பக்கத்துல போட்டுப் பார்க்குறது நல்ல பழக்கம்தான். ஆனா ரிலீஸ் ஆன பாட்டு ஏற்கெனவே மாஸ்டரிங்ல ஏத்தி வச்சது. உங்க கோட்டுல அதை அப்படியே போட்டா பத்து டெசிபலுக்குப் பக்கத்துல சத்தமா வந்து விழும். சத்தமா இருக்கிறது எதுவும் காதுக்கு 'பெட்டரா'த்தான் தெரியும். ஒரே ஒரு டெசிபல் கூடினாலே காது ஏமாந்துடும். அதனால ஹிட் பாட்டோட ஃபேடரை இறக்கி, உங்க பாட்டோட சத்தத்துக்குச் சமமாக்கிட்டு, அப்புறம் ஒப்பிடுங்க. அப்பத்தான் அது நியாயமான போட்டி!

'நம்ம பாட்டு அப்ப சத்தம் கம்மியா இருக்குமே?'ன்னு கவலை வேண்டாம். மாஸ்டரிங்னு கடைசிக் கட்டம் ஒண்ணு இருக்கு. தவிர, ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ்.ங்கிற ஒரே அளவுக்குக் கொண்டுவந்துதான் ஓட்டுது. யூடியூபும் சத்தமான பாட்டை இறக்கிடும். அதாவது, நீங்க அடிச்சுப் பிதுக்கிச் சத்தத்தை ஏத்தினாலும் அவங்க இறக்கிடுவாங்க. பிதுங்கினது மட்டும்தான் மிச்சம்.

இப்ப அந்த ரெண்டாவது கோடு. மிக்ஸ் ஒரு வடிவத்துக்கு வந்ததும் 64க்கு இறக்கிக் கேளுங்க. சின்ன சத்தத்துலயும் குரல் வார்த்தை வார்த்தையாப் புரியுதா? தாளம் நிக்குதா? அப்படின்னா மிக்ஸ் ஸ்ட்ராங்கா இருக்கு. கிறிஸ் லார்டு-ஆல்ஜி மாதிரியான உலகப் பிரபல மிக்ஸிங் இன்ஜினீயர்களே பெரும்பாலான வேலையைச் சின்ன சத்தத்துலதான் முடிக்கிறாங்க. சத்தமாவும் கேக்கணும்தான். கடைசியா, ஒரு நிமிஷம், பேஸ் கட்டுக்குள்ள இருக்கான்னு பார்க்க மட்டும். அப்புறம் நாப் மறுபடி கோட்டுக்கு வந்துடணும்.

அப்புறம் ஊருக்குள்ள ஒரு ரவுண்டு போங்க. கோடை பண்பலை ஓடிக்கிட்டிருக்கிற டீக்கடை செட்டுல கெஞ்சிக் கூத்தாடி ஒரு தடவை போடச் சொல்லுங்க. ஷேர் ஆட்டோவுல போடுங்க. கோயில் திருவிழாவுல கட்டுற குழாய் ஸ்பீக்கர்ல போட வாய்ப்பு கிடைச்சா விடாதீங்க. அதுல அடித்தொனி சுத்தமா வராது. அதுலயும் பாட்டு புரிஞ்சா, எங்க போட்டாலும் புரியும்.

காதுக்கு மாத்துச்சாவி கிடையாது

இதுவரைக்கும் சொன்னது பாட்டுக்காக. இனிமே சொல்றது உங்களுக்காக.

காதுக்குள்ள நத்தை ஓடு மாதிரி ஓர் உறுப்பு. ஒரு காதுக்குச் சுமார் 15,000 நுண்முடிச் செல்கள்தான் பிறக்கும்போது நமக்குத் தர்ற மொத்த ஸ்டாக். செத்தா மறுபடி முளைக்காது. சத்தம் அதுங்களைக் கொல்லும். ஒரே நாள்ல இல்ல... கொஞ்சம் கொஞ்சமா, வலியே இல்லாம.

எவ்வளவு நேரம் தாங்கும்? நியாஷ் சொல்ற கணக்கு இது. ஏ-வெயிட்டிங்ல 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி. 91க்கு 2 மணி. 94க்கு ஒரு மணி. 100க்கு வெறும் 15 நிமிஷம்! நாபைத் திருகி 100ல வச்சு ராத்திரி பூரா மிக்ஸ் பண்றவர், முதல் கால் மணியிலேயே அன்னைக்குக் கோட்டாவை முடிச்சுடுறார்.

இதுல இன்னொரு சூழ்ச்சி இருக்கு. சத்தத்துல கொஞ்ச நேரம் இருந்தா காது தற்காலிகமா மந்தமாகும். மேல் ஓசைகள் மங்கும். 'என்னடா, டல்லா இருக்கே'ன்னு நீங்க வால்யூமை ஏத்துவீங்க. காது இன்னும் மந்தமாகும். நீங்க இன்னும் ஏத்துவீங்க. ராத்திரி ஒரு மணிக்கு நீங்க கேக்குறது உங்க பாட்டையே இல்ல, களைச்சுப்போன காதோட புலம்பலை! நாப்ல கோடு இருந்தா இந்தச் சுழலே ஆரம்பிக்காது. கோட்டுல வச்சும் டல்லாக் கேக்குதுன்னா பாட்டுல குறை இல்ல, காதுக்கு ரெஸ்ட் வேணும்னு அர்த்தம்.

'தி ஹூ'ன்னு ஒரு பிரிட்டிஷ் ராக் குழு. 1976 மே 31ல லண்டன் சார்ல்டன் மைதானத்துல அவங்க வாசிச்சப்போ, ஸ்பீக்கர்கள்ல இருந்து 32 மீட்டர் தள்ளி அளந்தும் 126 டெசிபல். கின்னஸ் சாதனை! அந்தக் குழுவோட கிட்டாரிஸ்ட் பீட் டவுன்ஷென்டுக்குக் கேட்கும் திறன் கெட்டுப்போச்சு. அவர் அதிகமாக் குற்றம் சொன்னது மேடையை இல்ல, ஸ்டுடியோவுல மாட்டியிருந்த ஹெட்ஃபோனை! 12ல இருந்து 35 வயசுக்குள்ள இருக்கிற 100 கோடிக்கும் மேற்பட்டவங்க இப்படிக் கேட்கும் திறனை இழக்குற ஆபத்துல இருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2022ல எச்சரிச்சிருக்கு.

அவ்வளவு தூரம் எதுக்குங்க? வேடசந்தூர் பக்கம் நூற்பாலைகள்ல வருஷக்கணக்கா ஷிஃப்ட் பார்த்தவங்களைக் கேளுங்க. உங்க வீட்டுலயே அம்மாவோ சித்தப்பாவோ இருக்கலாம். டி.வி.யை அவங்க ஏன் அவ்வளவு சத்தமா வைக்கிறாங்க, ஒரே வார்த்தையை ஏன் ரெண்டு தடவை சொல்லச் சொல்றாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா? இந்தியத் தொழிற்சாலைகளுக்கான வரம்பு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல். இரைச்சலான மெஷின்களுக்கு நடுவுல நின்னு சம்பாதிச்ச காசுல சிலரோட காது போச்சு. அவங்களுக்கு அன்னைக்கு வேற வழி இல்ல. அவங்க நிறுத்த முடியாத மெஷின் அது. உங்க முன்னால இருக்கிறது கைக்கு அடங்கின ஒரு நாப். அந்தக் காசுல வாங்கின ஸ்பீக்கரை வச்சே உங்க காதையும் தொலைச்சா, அதைவிடக் கொடுமை உண்டா?

74ங்கிற நம்ம கோடு, ரெண்டு ஸ்பீக்கர் சேர்ந்து ஓடினாலும் 85க்குக் கீழதான் நிக்கும். ஏ-வெயிட்டிங்ல அளந்தா பேஸ் கணக்குல குறையுறதால இன்னும் கீழ இறங்கும். நாள் பூரா வேலை பார்க்கலாம். அப்படியும் 45 நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து போங்க. லீவு நாள்ல மலைக்கோட்டைக்கு ஏறி, காத்துச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டு உட்காருங்க. அதைவிட நல்ல காது வைத்தியம் இந்த ஊர்ல கிடையாது. பொழுது சாயுறதுக்குள்ள இறங்கிடுங்க!

காதுக்குள்ள 'கொய்ங்'னு விடாம ஓசை, பேசுறது பஞ்சு வச்ச மாதிரி கேக்குறது... இதெல்லாம் ஒரு நாளைக்கு மேல நீடிச்சா தள்ளிப்போடாம காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் காது இருக்கு!

2000ல வந்த ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55 டெசிபல், ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும் 45 டெசிபல்தான் வரம்பு. உங்க வீட்டு எல்லையில அந்த வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல கூடக்கூடாது. கதவு, ஜன்னலைச் சாத்தி 74ல வேலை பார்த்தா பகல்ல பெருசாப் பிரச்னை வராது. ராத்திரி ரெண்டாவது கோட்டுக்கு இறங்கிடுங்க, இல்லேன்னா ஹெட்ஃபோனுக்கு மாறிடுங்க. ஹெட்ஃபோனுக்கும் பகல்ல ஒரு கோடு போட்டு வைங்க. ஸ்பீக்கர்ல 64ல ஓடுற பாட்டையும் ஹெட்ஃபோனையும் மாத்தி மாத்திக் கேட்டு, ரெண்டும் ஒண்ணாத் தெரியுற இடம்தான் அந்தக் கோடு.

பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டாம இருந்தாலே உங்க மியூசிக் கேரியருக்குப் பாதி ஆயுசு கூடும். வீட்டுல ஸ்பீக்கரைப் பிடுங்கி பரண்ல போட்டுட்டாங்கன்னா, அதுக்கப்புறம் எந்தக் கே-சிஸ்டமும் காப்பாத்தாது!

கோடம்பாக்கத்துல இருக்கிற பெரிய ஸ்டுடியோவுக்கும் உங்க பத்துக்குப் பன்னிரண்டு ரூமுக்கும் நடுவுல ஆயிரம் வித்தியாசம் இருக்கலாம். சுவர், மெஷின், மைக், காசு... எல்லாத்துலயும் அவங்க மேலதான். ஆனா 'எந்தச் சத்தத்துல கேக்குறோம்னு தெரிஞ்சு கேக்குறது'ங்கிற ஒழுக்கத்துக்குக் காசு கிடையாது. அதுல நீங்க இன்னிக்கே அவங்களுக்குச் சமம்.

என்ன மாப்ள, மார்க்கர் எங்க வச்சீங்க?